பத்து மணிக்கு வாத்து

பேருந்து நிலையத்தில் மைக் அக்காவை முகத்தால் அறிந்தவர்கள் மிகக் குறைவு. குரலால் அறியாதவர்கள் யாருமில்லை. இரண்டாம் மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை அவளுடையது. மேசைமேல் ஒரு மைக், ஒரு வெந்நீர்க் குடுவை. நேர் எதிர்ச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்த நேரம் தன் புருஷன் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அதிகம் என்று அவளே சொல்வாள்.

"பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், கீழே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனும் ஒரு கணம் நிற்பான். காய்கறிக் கடையில் முகத்தைப் பார்க்காமல் எடை போட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர், "அரை கிலோ வெங்காயம்" என்ற குரல் கேட்டதும் நிமிர்ந்து, "எந்த நடைமேடைக்கு அனுப்பணும்க்கா?" என்பார்.

அந்த வேலைக்கு அவள் மனுப்போட்டு வந்தவள் இல்லை. தொலைந்துபோன குடையைத் தேடி ஒரு நாள் மாடி ஏறினாள். அங்கே அறிவிப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார். தாயைத் தொலைத்த குழந்தை ஒன்று மேசைக்கடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள், யாருமில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிவப்புச் சட்டை போட்ட குழந்தையோட அம்மா எங்க இருந்தாலும் மாடிக்கு வாங்க, குழந்தை நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றாள். குழந்தையின் தாய் வந்தாள். கூடவே நிலைய மேலாளரும் வந்தார், திட்டுவதற்கு. திட்ட வந்தவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். குடை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவள் புருஷன் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். ஒரு மழைநாளில் அவர் ஏற வேண்டிய பேருந்தை அவள் மூன்று முறை அறிவித்தும் அவர் ஏறவில்லை. நாலாவது அறிவிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தாராம். "எல்லாரும் பஸ்ஸப் புடிப்பாங்க, நான் பஸ்ஸ விட்டுட்டுக் குரலப் புடிச்சவன்" என்று இன்றைக்கும் யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தாலும் அங்கிருந்தே சொல்வார்.

அப்படிப்பட்ட குரல், குளிர்காலம் தொடங்கிய ஒரு காலை, "நடைமேடை" என்ற சொல்லின் நடுவில் உடைந்தது. "நடை" ஒழுங்காக வந்தது. "மேடை" துருப்பிடித்த கதவுக் கீலைப்போல் வந்தது. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் அளந்து பேசும் பெண்மணி. குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை செய்யற கையில காய் காய்க்குமே, அது மாதிரி குரல் நாண்ல காய்ச்சிருக்கு. பேச்சை நிறுத்தினா தானா கரையலாம். ரெண்டு வாரம் மூச்."

"மெதுவா…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"மெதுவாவும் கூடாது."

அவள் உதட்டைக் குவித்து, கையைக் காதோரம் கொண்டுபோய்க் காட்டினாள். கிசுகிசுப்பு?

"அது கத்துறதைவிட மோசம். யாருக்கும் தெரியறதில்ல. கிசுகிசுக்கறதுக்குப் பதிலா நேரா என்கிட்ட வந்து, இன்னொரு தொண்டை கொடுங்கன்னு கேட்டுடலாம்."

மேலாளர் நல்லவர்தான். ஆனாலும் பேருந்துகள் காத்திருக்குமா? ஒரு பெட்டி வாங்கி வைத்தார். அதற்குள் ஒரு யந்திரப் பெண் இருந்தாள். "நாலாம் நடை. மேடையில். இரு. இந்து" என்று கல் தடுக்கி விழுந்து எழுந்து பேசுவாள். "டாக்டர் சரின்னு சொன்னா பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். இல்லேன்னா கவலைப்படாதீங்க, பொருள் காப்பறையில உங்களுக்கு இடம் இருக்கு" என்றார். பொருள் காப்பறை என்பது பயணிகள் மறந்துவிட்டுப் போன பைகளும் குடைகளும் இருக்கும் இடம். தொலைந்த பொருட்களோடு தானும் ஒன்றாக அலமாரியில் இருப்பதாக அன்று இரவு அவள் கனவு கண்டாள்.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. மூன்று தட்டினால் என் கண் முன்னால் நிற்காதே. "கல்யாணமானதுலேர்ந்து இப்பத்தான் வாக்குவாதத்துல ஜெயிக்கிறேன்" என்று புருஷன் சொன்னதும் மூன்று தட்டு விழுந்தது.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "அண்ணி, வீட்டுல இருந்தா நீங்க அண்ணனோட சண்டை போடாம இருக்க மாட்டீங்க. சனிக்கிழமை எங்க குழுவோட வாங்க. குளிர்காலத்துக்கு வாத்தெல்லாம் கடலோரத்துக்கு வந்திருக்கு. அங்க யாருமே பேசக் கூடாது. பேசினாத் திட்டுவாங்க. உங்களுக்குன்னே செஞ்ச இடம்."

வருகிற திங்கட்கிழமையோடு இரண்டு வாரம் முடிகிறது; அன்று தொண்டை டாக்டர் பார்க்கப்போகிறார். இடையில் இருந்த சனியும் ஞாயிறும் நகரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

விடியற்காலையில் வேன் வந்தது. குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். நெட்டையானவர். தொலைநோக்கியைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில்; மூடச் சொல்வது பொழுதுபோக்கு. நாத்தனார், "எங்க அண்ணி. தொண்டை சரியில்ல, பேச மாட்டாங்க" என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"இப்படி ஒருத்தரைத்தான் இத்தனை வருஷமாத் தேடிட்டிருக்கேன். மத்தவங்களையும் உங்க டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றார், முன்சீட்டில் இருந்த பேக்கரிக்காரரைப் பார்த்துக்கொண்டே.

பேக்கரிக்காரர் அகலமான மனிதர். கிசுகிசுத்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். மடியில் ஒரு பெரிய பை நிறைய பன் வைத்திருந்தார். "டாக்டர், நீங்க உங்க பட்டைத்தலை வாத்தைக் காட்டுங்க, அப்புறம் நான் வாயை மூடறேன். மூணு குளிர்காலமாக் கூட்டிட்டுப் போறீங்க. படத்துல பாத்ததோட சரி. அது இன்னைக்கு வந்துச்சுன்னா இந்த வேன் மொத்தத்துக்கும் கேக் நான் போடறேன்."

பல் டாக்டர் அந்தப் படத்தை எடுத்து எல்லோருக்கும் மறுபடி காட்டினார். சாம்பல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. பனிமலைகளைத் தாண்டிப் பறந்து வருமாம். மைக் அக்காவுக்கு, யாரோ மையால் இரண்டு கோடு இழுத்துவிட்டு, மூன்றாவது போடலாமா என்று யோசிக்கும்போது கூப்பிட்ட குரலுக்கு எழுந்துபோன மாதிரி இருந்தது.

வேன் பேருந்து நிலையத்தைத் தாண்டியபோது யந்திரப் பெண்ணின் குரல் உள்ளே வந்தது. "இரண்டாம் நடை. மேடை."

"கேட்டீங்களா இந்தக் கொடுமையை?" என்றார் பேக்கரிக்காரர். "முன்னாடி ஒரு அம்மா பேசுவாங்க. தினம் மாவு பிசையும்போது அந்தக் குரல் ஜன்னல் வழியா வரும். அடுப்பை எப்ப அணைக்கணும்னு நான் கடிகாரம் பாக்கறதே இல்ல. இப்ப ரெண்டு தடவை பன்னு கருகிடுச்சு. அவங்களை எங்க அனுப்பினாங்களோ!"

நாத்தனார் வாயைத் திறந்தாள். மைக் அக்கா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குரலே இல்லாதபோது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என்று அறிமுகமாக அவளுக்கு மனமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலோரக் கழிமுகத்தில் இறங்கினார்கள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. நடுவில் வளைந்து போகும் மண்கரை. செல்போனையெல்லாம் வேனிலேயே வைத்துவிட வேண்டும் என்பது பல் டாக்டரின் சட்டம். மைக் அக்காவின் போனும் போயிற்று. இவ்வளவு நாள் அதில் தட்டச்சு செய்துதான் பேசிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, பேச இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

என்ன இருக்கிறது என்று அடுத்த வளைவில் தெரிந்தது.

நீர் முழுவதும் உயிர். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புள்ளி புள்ளியாய்ப் பறவைகள் மிதந்தன, மூழ்கின, எழுந்து சிறகை உதறின. பாதி உலகம் அங்கே குளிக்க வந்தது போன்ற சந்தடி. நாத்தனார் இருகண் நோக்கியை அவள் கழுத்தில் மாட்டினாள். முதலில் பார்த்தது, அலகு இருக்க வேண்டிய இடத்தில் தோசைத் திருப்பி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு தண்ணீரை வழித்துக்கொண்டிருந்த ஒரு வாத்து. "தட்டைவாயன்" என்று நாத்தனார் காதில் சொன்னாள். பெயர் வைத்தவருக்கு ஒளிவுமறைவே கிடையாது போலிருக்கிறது. அடுத்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கூர்மையான வாலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்ற ஊசிவால் வாத்துகள். அச்சு அசலாக ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்ட அவள் புருஷன். அதைச் சொல்ல வேண்டும்! யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்! தொண்டையின் அடியில் சொற்கள், கதவு திறக்காத பேருந்தின் பயணிகள்போல் முட்டி மோதின. அவள் நாத்தனாரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது பல் டாக்டர் கிசுகிசுத்தார்: "மூணு மணிக்கு நாலு கிளுவை வாத்து!"

எல்லோரும் பரபரவென்று வலப்பக்கம் திரும்பினார்கள். மைக் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஏழுகூட ஆகவில்லை. அவளுக்கு ஒரே நேரத்தில் மரியாதையும் திகைப்பும் வந்தன. தன் நிலையத்தில் எந்தப் பேருந்தாவது இப்படி மணி தவறாமல், எண்ணிக்கைகூட முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறதா? ஆனால் மூன்று மணிவரை இந்தச் சேற்றில் நிற்பதா? நாத்தனாரிடம் மூன்று விரலைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, உட்கார ஏதாவது கிடைக்குமா என்று சைகையில் கேட்டாள்.

நாத்தனாருக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். "ஐயோ அண்ணி, அது நேரம் இல்ல, திசை! கடிகாரத்தைத் தரையில படுக்க வச்சு, நாம நடுவுல நிக்கறதா நினைச்சுக்குங்க. நேரா எதிர்ல பன்னெண்டு. வலக்கைப் பக்கம் மூணு. அப்படித்தான் சொல்லுவாங்க."

மைக் அக்காவின் முகம் தெளிந்தது. கடிகாரம்தானே! கடிகாரத்தில் அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

நாத்தனார் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். குழு முழுவதற்கும் ஒரே பன்னிரண்டுதான்: கடலுக்குள் தெரியும் விளக்குக் கம்பம். மைக் அக்காவோ வாழ்நாளெல்லாம் தன் மூக்குக்கு நேரே பன்னிரண்டு இருந்த அறையில் உட்கார்ந்தவள். அவள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாளோ அந்தப் பக்கம் பன்னிரண்டு.

பேக்கரிக்காரரின் முதுகு கடலை மறைத்ததால் அவள் கரையின் கோடிக்கு நகர்ந்தாள். வெயில் கண்ணில் அடித்ததால் உடம்பைத் திருப்பி, பின்பக்க நீர்ப்பரப்பைப் பார்க்க நின்றாள். "பத்து மணிக்குத் தட்டைவாயன் கூட்டம்" என்று பல் டாக்டர் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. எல்லோரும் கடல்பக்கம் பார்த்தார்கள். மைக் அக்கா தன்னுடைய பத்து மணியைப் பார்த்தாள்.

அங்கே தட்டைவாயன் இல்லை. ஈரப் புல்திட்டில் சாம்பல் நிறத்தில் பெரிய பறவைகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று தலையைத் திருப்பியது. வெள்ளைப் பின்னந்தலை. அதில் இரண்டு கறுப்புக் கோடு.

மையால் இழுத்த கோடு.

நோக்கியை விட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள், மறுபடி நோக்கியால் பார்த்தாள். ஓடிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்து, கைக்கடிகாரத்தில் பத்தின் மேல் விரலால் டக் டக் என்று குத்தினாள்.

நாத்தனார் பார்த்தாள். "பத்து மணிக்குத்தான் சாப்பாடு அண்ணி. கொஞ்சம் பொறுங்க."

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி பத்தைக் குத்தினாள்.

"மாத்திரையா? அதான் கிளம்பும்போதே போட்டீங்களே?"

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாவம், பசி தாங்க மாட்டாங்க போல. சொல்லவும் முடியல" என்று பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கையில் பன்னோடு அவள் நின்றாள். தனக்குப் பின்னால் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். எல்லோர் கண்ணும் பன்மேல் இருந்தது. "ஜாம் வேணுமாம்" என்றார் பேக்கரிக்காரர்.

புல்திட்டில் ஒரு வாத்து மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தியது. இன்னொன்றும் உயர்த்தியது. கிளம்பப்போகிற பேருந்தை அவளுக்கு எப்போதுமே தெரியும். இது கிளம்பப்போகிறது.

மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. இத்தனை வருடம் பழகிய மூச்சு. அடிவயிறு இறுகியது, தொண்டை திறந்தது, "பயணிகளின் கவனத்திற்கு" என்று நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம். கிசுகிசுத்தால்கூடப் போதும், எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? மூன்று குளிர்காலம் காத்திருந்த மனிதர், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நாலாம் நடை. மேடையில். இரு. இந்து.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பன்னை நாத்தனாரின் கையில் திணித்தாள். நேராகப் பல் டாக்டரிடம் போனாள். அவருடைய தொலைநோக்கியை யாரும் தொடக் கூடாது, மூச்சுக்கூடப் படக் கூடாது என்பது வேனிலேயே சொல்லப்பட்ட சட்டம். அவள் அதன் கழுத்தைப் பிடித்து, ஓட்டுநர் திருப்பத்தில் பேருந்தைத் திருப்புவதைப்போல் ஒரே வளைவாக வளைத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

"அம்மா! அம்மா! என்ன பண்றீங்க? அதோட விலை தெரி…"

அவர் சொல்லி முடிக்கவில்லை. அடம்பிடிக்கும் பிள்ளையைக் குளிப்பாட்ட இழுப்பதுபோல், அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிய வைத்து, கண்ணைக் கண்ணாடியில் வைத்தாள். வாழ்நாளெல்லாம் மற்றவர் தலையைப் பிடித்துச் சாய்த்த மனிதர், வாத்து மாதிரி விழித்துக்கொண்டு குனிந்தார்.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு, சத்தம் போட்டவர்களை எல்லாம் பல வருடமாக முறைத்துவந்த அந்த மனிதர், கழிமுகம் முழுக்கக் கேட்கும்படி அலறினார்: "பட்டைத்தலை! டேய்! பட்டைத்தலைடா! வந்துடுச்சுடா!"

வாத்துகள் எழுந்தன. ஓடி, நீரைக் காலால் உதைத்து, சிறகடித்து எழுந்தன. எழுந்தவை கடலுக்குப் போக வேண்டுமென்றால் கரையைத் தாண்டித்தானே போக வேண்டும்? நேராக இவர்கள் தலைக்குமேல் வந்தன. தாழப் பறந்து, கழுத்தை நீட்டி, கனத்த குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வந்தன. இறக்கைகளின் காற்று அவள் நெற்றியில் பட்டது. இருகண் நோக்கி இல்லாமலே பட்டைகளை எண்ணலாம். பல் டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கரையில் குதித்தார். பேக்கரிக்காரர் குதித்ததில் பையிலிருந்த பன்னெல்லாம் சேற்றில் உருண்டது. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். வாத்துகள் விளக்குக் கம்பத்தைத் தாண்டி, உண்மையான பன்னிரண்டு மணியை நோக்கிப் போய்ச் சிறுத்தன.

"கத்துனது யாரு டாக்டர்?" என்றார் பேக்கரிக்காரர், மிகவும் பணிவாக. "பேசினா வேன்ல ஏத்த மாட்டேன்னு யாரோ சொன்னாங்களே, அவர் யாரு?"

பல் டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் மைக் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க நினைப்பதற்குள் வந்துவிட்டது. வாய்க்குள் இல்லை, வயிற்றிலிருந்து. கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டதுபோல், உடையாமல், கீறாமல், ஒரு முழு வீச்சாகக் காற்றில் ஏறி நின்றது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அண்ணி!" நாத்தனார் அலறினாள். "அண்ணி, சத்தம்! சத்தம் வந்துடுச்சு!" பாய்ந்து வந்து, கையிலிருந்த பன்னோடு சேர்த்து அவள் வாயைப் பொத்தினாள். "போதும், போதும்! திங்கட்கிழமைக்கு மிச்சம் வைங்க!"

"யாரும்மா இவங்க?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். அவர் முகத்தில் ஏதோ எங்கோ கேட்ட குரல் என்ற குழப்பம். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இந்த முறை கிள்ளு விழவில்லை. மைக் அக்கா தலையை ஒரு முறை ஆட்டினாள். நாத்தனார் சொன்னாள்.

பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததை அந்தக் குழு அன்றுதான் பார்த்தது. பிறகு, "கேக்குல என்ன பேர் எழுதணும்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேணாம், சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். புருஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். நகம் கடிக்கக் கூடாது என்று வீட்டில் இரண்டு தட்டு வாங்கியிருந்தார்.

"ம்" என்றார் டாக்டர். குழாயை எடுத்தார். "கரைஞ்சிட்டு வருது. கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். கத்தாதீங்க, கிசுகிசுக்காதீங்க. சாதாரணமா, நீங்க மைக்ல பேசற மாதிரி, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

என்ன சொல்வது என்று இரண்டு வாரமாக அவள் யோசித்து வைத்திருந்தவை நிறைய. புருஷனிடம் சொல்ல வேண்டியவையே ஒரு மூட்டை இருந்தன. ஆனால் மூச்சை இழுத்ததும் முன்னால் வந்து நின்றது வேறு.

"பயணிகளின் கவனத்திற்கு" என்றாள். ஓரத்தில் லேசாகப் பிசிறடித்தது. நடுவில் பிசிறே இல்லை. "பத்து மணிக்கு, பட்டைத்தலை வாத்து."

புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் நிமிர்ந்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணு ஆச்சே?" என்றார்.